எங்கே போறே என்று கேட்டவள்

என் மகள் கலாவுக்குக் காது கேட்காது என்று முதலில் சொன்னவள் என் அக்கா. குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தாள். கலா திரும்பவில்லை. ஆனால் உள்ளே யாராவது பிஸ்கட் காகிதத்தைப் பிரித்தால் ஓடி வருவாள். கரையில் மீன் ஏலம் விடும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு மணலில் உருளுவாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. தொண்ணூறுகளின் கடைசி.

பிள்ளைகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தங்கச்சியோ அண்ணனோ இருக்கலாம். தெருவில் அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபமிருந்தால், அது தப்பில்லை.

செங்கல்பட்டில் டாக்டர் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார் (மூளை வளர்கிற விதத்தில் பிறவியிலேயே இருக்கும் வித்தியாசம்; காய்ச்சல் போல வந்து போவதல்ல).

"மருந்து இல்லையா சார்?"

"மருந்து கிடையாது. பயிற்சி இருக்கு. பொறுமை வேணும்."

நடத்தைப் பயிற்சிக்கு (ஒரு பழக்கத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் செய்ததும் பிடித்ததைக் கொடுத்துக் கற்றுத் தருவது) எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போவோம். கலா வழியெல்லாம் கத்துவாள்.

"புள்ளய வளக்கத் தெரியல, கூட்டிகினு வந்துட்டான்," என்றார் ஒருவர்.

"உன்ன வளத்தவங்களுக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்றேன். அதற்குப் பிறகு பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சௌகரியமாகப் போனோம்.

கலாவுக்குப் பிடித்தது வலையில் கட்டும் மிதவை. கையில் கொடுத்தால் சுழற்றிக்கொண்டே இருப்பாள். பயிற்சி கொடுத்த டீச்சரம்மா அதை வைத்தே அவளைப் பேச வைத்தார். முதலில் "தா". பிறகு "தண்ணி". ஏழு வயதில், அடுத்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கப் பழக்கினார். எல்லோரும் பதில் சொல்லக்கூடிய எளிய கேள்வி: "எங்க போற?"

டீச்சரம்மாவுக்கு எங்கள் கரை வழக்கம் தெரியாது. எனக்கும் என் மனைவி ராணிக்கும் இருந்த சந்தோஷத்தில் தோன்றவேயில்லை. கடலுக்குப் போகிறவனிடம் எங்கே போகிறாய் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மீன் படாது, ஆளுக்கும் ஆகாது என்பார்கள். கேட்கப்பட்டவன் வீட்டுக்குத் திரும்பி, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி போவான்.

விடிகாலையில் கலா கரைக்கு வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், படகுக்குப் படகு போய்க் கேட்டாள்.

"எங்க போற?"

முதலில் சிரித்தார்கள். மீன் குறைந்ததும் ஒருவன் அவள் மேல் மணலை வாரி வீசினான். "ஊமையா இருக்கச்சொல்ல எவ்ளோ நல்லா இருந்துச்சு," என்றான். அவன் பெயர் எனக்கு மறக்கவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவு சொன்னார்கள். படகு இறங்கும் நேரத்தில் பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் என் படகைத் தள்ள யாரும் கை கொடுக்க மாட்டார்கள். நாலு தோள் சேராமல் படகு மணலை விட்டு நகராது. தொழிலா, அவள் வாயா என்று ஆகிவிட்டது.

டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"இப்ப அதட்டி நிறுத்தினீங்கன்னா, அந்தக் கேள்வி தப்புன்னு அவளுக்குப் புரியாதுங்க. பேசறதே தப்புன்னுதான் புரியும். பேச்சே நின்னு போகலாம்."

மறுநாள் கலாவை நானே கரைக்குக் கூட்டிப் போனேன். ராணியின் தம்பி இளங்கோ என் படகில்தான் வருவான். அவன் குறுக்கே நின்றான்.

"மாமா, வாணாம். அவள வூட்டுக்கு அனுப்பு."

"நீ வேணா வூட்டுக்குப் போ."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கலா என் லுங்கி முடிச்சைப் பார்த்தபடி கேட்டாள்.

"எங்க போற?"

"கடலுக்குப் போறேன்மா," என்றேன், கடைசிப் படகு வரை கேட்கும்படி. மிதவையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படகில் தோளை வைத்தேன். யாரும் வரவில்லை. ராணி புடவையைச் செருகிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றாள். இளங்கோ காறித் துப்பினான்.

"எனக்கு எதுனா ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன் மாமா," என்று சொல்லிவிட்டுத் தள்ளினான். மூன்று தோளுக்குப் படகு சாண் சாணாகத்தான் நகர்ந்தது.

அன்றைக்கு மற்றவர்களுக்கு மீன் பட்ட அளவுதான் எங்களுக்கும் பட்டது. அதனால் யாரும் மாறிவிடவில்லை. சுனாமி வந்தபோது அதையும் அவள் தலையில்தான் போட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு மெல்ல மெல்ல, என்னிடம் மட்டும் கேட்கப் பழக்கினோம். ஊருக்குப் பயந்து அல்ல. பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் அவள் ஏன் கேட்க வேண்டும்?

கலா இப்போது என் தோள் உயரம். முன்பெல்லாம் காற்றைப் பார்த்துப் புறப்படுவேன். இப்போது அவள் கேட்காமல் என் கால் தண்ணீரில் இறங்குவதில்லை. சில நாள் சீக்கிரம் கேட்பாள். சில நாள் மற்ற படகுகள் எல்லாம் புள்ளியாகிவிடும். அலை வந்து காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு போகும். நான் அப்படியே நிற்பேன். கேட்பாள், சொல்வேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடியும்.