நான் தாண்டிப் படித்த அத்தியாயம்

அந்தப் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயத்தை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் மறக்கவில்லை. பன்னிரண்டு பக்கங்களை மொத்தமாகப் புரட்டிவிட்டு, அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியை நிதானமாகத் தமிழில் சொன்னேன். அக்காவின் சிறுநீரகம் இன்று இருக்கிற நிலைமைக்கு அந்தப் பன்னிரண்டு பக்கங்களும் ஒரு காரணம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அக்கா என்றால் என் கணவரின் அக்கா. தன் கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். எனக்குப் பதினான்கு வயது மூத்தவள். நாத்தனார் என்ற சொல்லோடு ஊரில் என்னென்ன சண்டை சேர்ந்து வருமோ அதெல்லாம் எங்களுக்குள் இல்லை. அதற்குக் காரணம் நாங்கள் இருவரும் நல்லவர்கள் என்பதல்ல, புத்தகங்கள்தான்.

நான் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊர் மரக்காணத்திலிருந்து பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. அங்கே வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி கனக்கிறதென்று மூன்று சாமான்களை விட்டுப் போவார்கள்: செருப்பு, வெயிலுக்குப் பூசுகிற கிரீம், புத்தகம். முதல் இரண்டையும் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதற்குப் போட்டியே கிடையாது. கொலையைத் துப்பறிகிற நாவல் ஒரு வாரம், சிறையில் இருந்து வந்தவரின் வாழ்க்கைக் கதை அடுத்த வாரம், அதற்கடுத்து ஆக்டோபஸின் மூளையைப் பற்றி முந்நூறு பக்கம். பூஞ்சணத்தைப் பற்றி, இடிந்து விழுந்த பாலங்களைப் பற்றி, பிரசவ வார்டுகளின் வரலாற்றைப் பற்றி எல்லாம் படித்திருக்கிறேன். கல்லூரியில் வராத இங்கிலீஷ் இப்படித்தான் வந்தது. “மளிகை சாமான் சுத்துன பேப்பரக்கூட விடமாட்டா” என்று என் கணவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டு படிப்பாள், கையெழுத்துப் போடுவாள். இருபது வருடத்துக்கு மேலாக உப்பளத்து வேலை. அந்த வெள்ளைத் தரையையே பார்த்துப் பார்த்து, எழுத்தைப் பார்த்தாலே கண் கூசுகிறது என்பாள். விடிவதற்கு முன்னால் போனால் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவாள். நான் வீடு வந்து சேர நாலரை ஆகும். அவள் பின்வாசலில் உட்கார்ந்து காலில் உள்ள வெடிப்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். ஒருநாள் என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, “இன்னாதான் இருக்குது அதுல? சிரிக்கிறே, அழுவுறே. எனக்கும் சொல்லேன்” என்றாள். அன்று ஆரம்பித்தது. ஒரு பத்தியை இங்கிலீஷில் கண்ணால் படித்து, வாயால் தமிழில் சொல்வேன்.

அவள் கேட்டுக்கொள்வதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையில் பாத்தியில் உப்பு வாரும்போது கூட இருக்கிற பெண்களுக்கு அதை அப்படியே சொல்வாள். அவர்கள் கேள்வி கேட்டு அனுப்புவார்கள். “அந்தப் போலீஸ்காரனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்குறாளுங்க, பாத்துச் சொல்லு” என்பாள். கதை இல்லாத புத்தகங்களையும் விடமாட்டாள். ஒருமுறை உப்பைப் பற்றியே ஒரு புத்தகம் கிடைத்தது. எழுதியவர் பெரிய படிப்பாளி. படிகம் எப்படி உருவாகிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காத்து எந்தப் பக்கம் அடிச்சா உப்பு பொடியும்னு போட்டிருக்கானா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப அந்தாளு பாத்தியில எறங்குனவன் இல்ல. கரையில நின்னுக்கினு எழுதியிருக்கான்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். நான் அந்தப் புத்தகத்தை மேற்கொண்டு படிக்கவில்லை.

பொய் சொல்ல ஆரம்பித்தது ஒரு நாவலில். அதில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போகிறான். நான் இருக்கிறபடியே சொன்னேன். அக்கா அன்று சாப்பிடவில்லை. மூன்று நாள் அந்தப் பையனைப் பற்றியே பேசினாள். உப்பளத்திலும் இரண்டு பேர் அழுதார்களாம். எனக்கு என்னவோ நானே அவனைத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாவலில் சாகவேண்டிய கிழவரைப் பிழைக்க வைத்தேன். அதற்கடுத்ததில் பிரிந்த தம்பதியைச் சேர்த்து வைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? எழுதியவர் எங்கோ இருக்கிறார். கதை கேட்டு அக்கா நிம்மதியாகத் தூங்கப் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியப்பட்டேன். உண்மையைச் சொன்னால், அதில் எனக்கொரு பெருமையும் வந்துவிட்டது. எழுதியவரைவிட நான் இளகிய மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் உப்பு சீசன் தொடங்கும்போது அக்காவுக்கு முகமும் காலும் வீங்கின. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது, ரத்தக் கொதிப்பும் இருக்கிறது என்றார்கள். வேலைக்குப் போனால் ஒதுங்க மறைவில்லை என்று அந்தப் பெண்கள் யாருமே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அதுவும் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, “ஒருநாள்கூட விடக் கூடாதும்மா, ஒழுங்கா சாப்பிட்டா இதை இப்படியே பல வருஷம் தள்ளிக்கிட்டுப் போலாம்” என்று சொன்னார். அக்கா ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். வாய் கசக்கிறது, நின்றால் தலை சுற்றுகிறது என்று முனகுவாள், ஆனாலும் சாப்பிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் கிடைத்தது. சிறுநீரக நோய் வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் தன் கதையைத் தானே எழுதியது. அக்காவுக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்து ஓடி வந்தேன். துணையாகத்தான் இருந்தது. நோய் தெரிந்த நாளில் அந்தப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள் என்று வந்தபோது அக்கா, “நானும் அன்னிக்கு வூட்டைக் கூட்டிக்கினே இருந்தேன், இல்ல?” என்றாள். அந்தம்மா, அந்தம்மா என்று உறவுக்காரியைப் போலவே பேசினாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் மாத்திரைகளையெல்லாம் நிறுத்திவிட்டு மலையில் ஒரு வீட்டுக்குப் போகிறாள். அதுவும் பத்தாம் அத்தியாயமும் அவ்வளவு அழகு. ஒரு கோடைக்காலம் முழுக்க நடக்கிறாள், பழம் பறிக்கிறாள், உடம்பு இறகாகிவிட்டது என்று எழுதுகிறாள். நானும் உருகி உருகிச் சொன்னேன். பதினோராம் அத்தியாயத்தில் அவள் சமையலறையில் விழுந்து கிடக்கிறாள். மூச்சு முட்டுகிறது, வலிப்பு வருகிறது. நான் செய்தது முட்டாள்தனம், நோய் குணமாகவில்லை, நான்தான் அதைப் பார்க்காமல் இருந்தேன், என்று அவளே எழுதுகிறாள்.

அந்தப் பக்கங்களை நான் பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். அக்காவின் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டே இதை எப்படிச் சொல்வது? தாண்டினேன். கடைசி அத்தியாயத்தில் அவள் ஊர் திரும்பித் தோட்டம் போடுகிறாள். தம்பி கொடுத்த சிறுநீரகத்தோடு திரும்புகிறாள். அதைச் சொன்னால் நடுவில் நடந்ததையும் சொல்ல வேண்டுமே என்று அதையும் விட்டேன். “அப்புறம் அந்தம்மா ஊருக்கு வந்து தக்காளி போட்டாங்கக்கா” என்று முடித்தேன். அக்கா சிரித்தாள். “நல்லாருக்கட்டும்” என்றாள்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரைப் புத்தகம் படிப்பவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் உப்புக் கூடையோடு அக்கா பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கி, கண் இருட்டி, கூட இருந்த பெண்கள் ஆட்டோ வைத்து அனுப்பினார்கள். புதுச்சேரிக்குக் கொண்டு போனோம். ரத்தக் கொதிப்பு எங்கோ ஏறிக் கிடந்தது. வார்டில் ஒரு இளம் டாக்டர், மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

“இல்லீங்க. ரெண்டு மாசமா நிறுத்திட்டேன்” என்றாள் அக்கா.

“யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?”

“ஒரு வெள்ளைக்கார அம்மாவும் இப்படித்தான் நிறுத்துனாங்க. நல்லா ஆயிட்டாங்க. புக்குல எழுதியிருக்காங்க.” அக்கா கையை நீட்டி என்னைக் காட்டினாள். “எங்க வூட்டுப் பொண்ணுதான் படிச்சுச் சொன்னா. நெறைய படிப்பா.”

அந்தக் கடைசி வார்த்தைகளை அவள் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிறுநீரகத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் படித்தவள், அதே வீட்டில் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் டப்பாவில் கிடந்ததை எட்டிப் பார்த்ததில்லை. அந்த வெளிநாட்டுப் பெண்ணுக்காக பஸ்ஸில் அழுதிருக்கிறேன்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் இரண்டு மாதத்தில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது என்றும், கொஞ்ச நாளில் டயாலிசிஸ் தேவைப்படலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் வரைக்கும் நான் புத்தகமே எடுக்கவில்லை. அக்காவே கேட்டாள், “இன்னா, கதை எதுவும் இல்லியா?” என்று. அதற்குமேல் தாங்கவில்லை. அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து, பதினோராம் அத்தியாயத்தைப் பிரித்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வலிப்பைச் சொன்னேன். முட்டாள்தனம் என்று அவள் எழுதியதைச் சொன்னேன். தம்பியின் சிறுநீரகத்தையும் சொன்னேன்.

அக்கா காலில் எண்ணெய் தடவுவதை நிறுத்தியிருந்தாள்.

“இது அன்னிக்கே இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“ஏன் படிக்கல?”

“நீ கஷ்டப்படுவேன்னு.”

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “வெடிச்ச காலுல உப்புத் தண்ணி எறங்குறப்ப படாத கஷ்டமா? புருசன் பொணத்தைப் பாக்குறப்ப படாத கஷ்டமா? கதை கேட்டா ஒடிஞ்சி பூடுவேன்னு நெனச்சுக்கினியா?” என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்தம்மா பட்டதை எல்லாம் எழுதி வச்சதே என்னை மாதிரி ஒருத்தி நிறுத்தக் கூடாதுன்னுதானே. நடுவுல பூந்து நீ இன்னா வேலை செஞ்சுட்டே” என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், “சரி வுடு, போய் ஒலை வை” என்றாள். பேச்சு வார்த்தை நிற்கவில்லை, சாப்பாடு நிற்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் கணவருக்கு இன்னும் தெரியாது. நான் எழுதுகிற இந்தப் பக்கங்களைப் படித்தால்தான் தெரியும். ஆனால் நாலரை மணிக்கு நான் புத்தகத்தோடு பின்வாசலுக்குப் போனால் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது. நான் தனியாகப் படிக்கிறேன். இப்போது எந்தப் பக்கத்தையும் தாண்டுவதில்லை. அட்டவணைகளைக்கூடப் படிக்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு பயனுமில்லை.

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். பரிசோதனைக் கூடத்தில் பெயர் கூப்பிட்டார்கள். நான் போய்க் கவரை வாங்கி, அங்கேயே பிரித்துப் பார்த்தேன். திரும்பி வந்ததும் அக்கா கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்து என்ன போட்டிருக்கிறது என்று கேட்பாள் என்று நின்றேன். அவள் எழுந்து, எதிர் நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் போனாள். யாரென்றே தெரியாத பெண்.

“ஏம்மா, இதுல இன்னா இருக்குதோ அதை அப்படியே படிம்மா.”

அந்தப் பெண் வரிவரியாகப் படித்தாள். “கிரியாட்டினின் நாலு புள்ளி எட்டுங்க.”

“போன தபா நாலு புள்ளி ஒண்ணு. அப்ப ஏறியிருக்குதா?”

“ஆமாங்கம்மா. ஏறியிருக்கு.”

“சரிம்மா, நல்லாரு.” காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா வாசலைப் பார்த்து நடந்தாள்.

முகத்தில் அறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கோபப்பட எனக்கு வாயில்லை. அந்த எண்ணை நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்துவிட்டு அக்காவிடம் நடந்து வந்த அந்தப் பத்தடி தூரத்தில், அவள் கேட்டால் சொல்வதற்கு, ‘கொஞ்சம் பரவாயில்லக்கா’ என்று என் நாக்கு தயாராகிவிட்டிருந்தது.