எஞ்சினோடு ஒரு குடும்பப் படம்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பூநகரி வழியாக மன்னாருக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. மடியில் கமராப் பை, தலைக்குள் ஒரே கவலை. கொழும்பில் நடக்கப்போகும் ஒரு படக் கண்காட்சிக்கு ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் பத்துப் படங்கள் அனுப்ப வேண்டும். போன முறை நான் அனுப்பியவற்றை ஒழுங்கமைப்பாளர் திருப்பிவிட்டார். "படங்கள் வடிவுதான். ஆனா ஆர் எடுத்தாலும் இப்பிடித்தான் இருக்கும்" என்றார். நெல்லியடியில் ஒரு கலியாண ஸ்ரூடியோவில் வேலை செய்கிறவள் நான். இந்த முறையும் தள்ளுப்பட்டால் கலியாண வீடுகளோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவெடுத்திருந்தேன்.

மன்னாரில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். சுற்றிக் காட்டிவிட்டுப் பேசாலையில் இறக்கிவிட மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். "பூநாரையோ, கழுதையோ, பெருக்கமரமோ அக்கா?" என்று கேட்டார் ஓட்டோக்காரர். கமராவோடு வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்த மூன்றும்தான் வேண்டுமாம். "மூண்டும்" என்றேன், வேறென்ன சொல்ல?

வங்காலையில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அவற்றுக்குச் சமமாகக் கமரா முக்காலிகளும் நின்றன. ஒவ்வொன்றிலும் என்னுடையதைவிட இரண்டு மடங்கு நீளமான லென்ஸ். பள்ளிமுனையில், அடிமரம் வீடளவு பருத்த பழைய பெருக்கமரத்தின் கீழ் ஒரு மணமக்கள் சோடி கட்டிப்பிடித்தபடி நின்றது. அவர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்த பெடியனுக்கு என்னைத் தெரியும். "என்னக்கா, உங்களுக்கும் இஞ்சயோ கலியாண ஓடர்?" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுதைகளை எடுத்தேன், அவை மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பேசாலை, மன்னார் தீவுக்குள் தலைமன்னார் வீதியில் இருக்கும் மீனவர் ஊர். கடற்கரைக்குக் கிட்ட ஜெசிந்தாக்கா வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை அவருடைய கணவர் அந்தோனியண்ணை கடல் தொழில் முடித்துக் கரைக்கு வந்ததும், படகில் பூட்டியிருந்த எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அவர் அதை முன் விறாந்தையில் விடுவார் என்று நினைத்தேன். நேரே வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுபோய், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் மரத்தாங்கி ஒன்றில் மாட்டி, பூப்போட்ட பெட்சீற்றால் மூடினார்.

"கரையில விட்டா களவு போயிடும். இதில்லாட்டி எங்களுக்குக் கடலுமில்லை. அதான் வீட்டுக்குள்ள" என்றார் ஜெசிந்தாக்கா. இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

எனக்குள் ஏதோ துள்ளியது. அந்தோனியண்ணை எஞ்சினைத் துடைப்பதை அவருக்குத் தெரியாமல் பக்கவாட்டில் எடுத்தேன். முகம் இருட்டில், வெளிச்சக் கீற்று கையில் மட்டும். கண்காட்சிக்கென்றே பிறந்த படம் என்று பெருமைப்பட்டேன். ஜெசிந்தாக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுக் கமராவைத் திருப்பித் தந்தார்.

"இதென்ன பிள்ளை, ஆளின்ர முகத்தையே காணேல்லை. நாளைக்குக் கடலுக்குப் போகமாட்டம். பூசை முடிய வடிவா உடுத்துக்கொண்டு நிக்கிறம். எஞ்சினையும் நடுவில வைச்சு எடுங்கோ."

சிரித்துச் சமாளித்தேன். ஆட்களை நிரையாக நிறுத்திப் படமெடுப்பதிலிருந்து தப்பத்தானே மன்னார் வரைக்கும் ஓடி வந்தேன்! ஆனாலும் அவர் கையால் நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்தார்கள். அக்கா பட்டுச் சேலை, அண்ணை வெள்ளைச் சேர்ட், மகள் தலை நிறைய மல்லிகை. அக்கா பெட்சீற்றை எடுத்தார், எஞ்சினை ஈரத்துணியால் ஒருக்கால் துடைத்தார், நடுவில் வைத்தார். என் கைகள் தாமாக வேலையைத் தொடங்கின. யன்னல் திரையை அரைவாசி விலக்கினேன். அண்ணையின் தோளைச் சற்றே திருப்பினேன். மகளின் கையை எடுத்து எஞ்சின் மூடியில் வைத்தேன், பிறந்தநாள் படங்களில் அக்காவின் கையைத் தம்பியின் தலையில் வைப்பதைப்போல. "மூச்சை விடுங்கோ, இஞ்ச பாருங்கோ" என்றேன். கமராவுக்குள் பார்த்தேன். நான்கு பேரும் நேராக என்னைப் பார்த்தார்கள். ஓம், நான்கு பேர்தான், எஞ்சினையும் சேர்த்து.

இதை நான்தான் எடுத்தேன். ஆட்களை நிறுத்தத் தெரிந்த, சேலை மடிப்பைச் சரிசெய்யத் தெரிந்த, கலியாணப் படக்காரியான நான். எதை மறைக்க இவ்வளவு தூரம் வந்தேனோ, அதுதான் என் பலம். வெட்கம் விட்டுச் சந்தோசப்பட்டேன்.

பிறகு பக்கத்து வீடு, அதற்கு அடுத்த வீடு. "எங்கட எஞ்சினையும் எடுங்கோ பிள்ளை" என்று ஒழுங்கை முழுவதும் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் எஞ்சினுக்குச் செபமாலை போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் அதை இருத்தவென்று தனியாக ஒரு கதிரையே ஒதுக்கியிருந்தார்கள். மூன்றரை மணிக்குப் பத்துப் படங்களும் கொழும்புக்குப் போயின. பூநாரை ஒன்றுகூட இல்லை. ஆறு மணிக்கு ஒழுங்கமைப்பாளரே தொலைபேசி எடுத்தார்.

"பத்தும் வேணும். முன்சுவர் முழுக்க உங்களுக்குத்தான்."

ஜெசிந்தாக்காவிடம் சொன்னேன். "எங்கட எஞ்சினும் கொழும்புக்குப் போகுதோ?" என்று அதைத் தட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை மன்னார் பஸ் நிலையம். யாழ்ப்பாண பஸ்ஸில் பையை வைத்துவிட்டு இறங்கித் தேநீர் குடித்தேன். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் என் கமராவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"எஞ்சினோட குடும்பப் படம் எடுக்கிற ஆள் நீங்கதானே? பேசாலையில நீங்க நிண்டு எடுக்கிறதை ஆரோ படம் பிடிச்சு எங்கட மச்சானுக்கு வட்ஸ்அப்பில வந்திச்சு. நாங்க தெற்கால சிலாவத்துறைக் கரை. எங்கட வீட்டிலயும் எஞ்சின் இருக்கு. எப்ப வாறீங்க?"

"இப்பவே வாறன்" என்று சொல்லிவிட்டு, யாழ்ப்பாண பஸ்ஸிலிருந்து என் பையை இறக்கினேன்.