கோரிடாலிஸ் மேல் விழுந்த பழி

காய்ச்சல் வந்த அன்று நான் பூந்தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். முதுகில் திடீரென்று குளிர் இறங்கியது. மழையில் நனைந்த காய்ச்சல்தான் என்று சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் படுத்தேன். பழையபடி எழுந்து நடக்க அடுத்த ஆடி ஆகிவிட்டது.

தொட்டியில் நட்டிருந்தது கோரிடாலிஸ். எங்கள் ஊரில் என்னைத் தவிர அந்தப் பெயரைச் சொன்னவர் யாரும் இல்லை. என் அண்ணன் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று உச்சிப்புளியில் வீடு கட்டிக் குடியேறியபோது, இமயமலைப் பக்கத்து நாற்றுப்பண்ணையில் வாங்கிய கிழங்குகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எனக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலையைவிடச் சற்றுப் பெரிது.

“பனி உருகுன ஒடனே மொத மொத இதுதான் பூக்கும் தாயி. மத்த செடியெல்லாம் முழிக்கிறதுக்குள்ள பூத்து முடிச்சிட்டு மண்ணுக்குள்ள தூங்கப் போயிரும். இங்கன வளருமான்னு தெரியல. நீ எதையும் வளத்துருவியே, அதான்” என்றார்.

எங்கள் கமுதிப் பக்கம் பனிக்கு எங்கே போவது? கோடை முழுக்க லேசான ஈர மணலில் புதைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். மழை தொடங்கியதும் எடுத்து நட்டேன். எங்கள் கரிசல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கிழங்கு அழுகிவிடும். அதனால் வயலின் தாழ்ந்த மூலையில் தேங்கிய நீருக்குள் இறங்கி வண்டல் அள்ளிவந்து, மணலும் மக்கிய இலையும் கலந்தேன். கையில் உறை இல்லை, காலில் செருப்பு இல்லை. குதிகாலில் வெடிப்பு இருந்தது. உடம்பில் சர்க்கரை இருந்தது.

காய்ச்சல் விடவில்லை. இருமலும் சேர்ந்துகொண்டது. ராமநாதபுரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. இருந்தாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று மாத்திரையைத் தொடங்கினார்கள்.

என் கணவர் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் மறுநாளே எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைப்பக்கத்து அறை என்று ஆயிற்று. ஊருக்கும் தெரிந்துபோனது. மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. மாத்திரையால் சிறுநீர் சிவந்ததே தவிர காய்ச்சல் இறங்கவில்லை.

அந்த அறையின் வடக்கு ஜன்னலில் மகள் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மற்ற கிழங்குகள் எல்லாம் அழுகிவிட்டன. மார்கழியில் ஒன்று மட்டும் முளைத்தது. கொத்தமல்லித் தழை போன்ற இலைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தண்டு, அதில் வால் நீண்ட சின்னச் சின்ன ஊதாப் பூக்கள். வீடியோ காலில் அண்ணனுக்குக் காட்டினேன். போனைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு பூவாக எண்ணினார். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போது மட்டும்தான்.

தை பிறந்ததும் இடது விலாவுக்குக் கீழே வலி தொடங்கியது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மண்ணீரலில் சீழ்க்கட்டிகள் என்றது ஸ்கேன். “பேருலயே மண்ணு இருக்கும்மா” என்று மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஊசி வைத்துச் சீழை எடுத்து, கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து இன்னதென்று கண்டறியும் பரிசோதனை) அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார்.

“மழை நேரத்துல மண்ணுல வேலை செஞ்சீங்களாம்மா?”

“தொட்டிக்கு மண்ணு அள்ளுனேன் டாக்டர்.”

“உங்களுக்குக் காசநோய் இல்ல. இது மெலியாய்டோசிஸ்” என்றார் (ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் தொற்று).

கணவர் குறுக்கிட்டார். “அந்த வடக்கத்திக் கிழங்குல இருந்துதான வந்துச்சு?”

“கிழங்கு இல்லங்க. இந்தக் கிருமி நம்ம பக்க வயல் மண்ணுலயே இருக்கும். கால் வெடிப்பு வழியா உள்ள போயிருக்கும். சர்க்கரை இருக்கவங்களத்தான் ரொம்பப் பாதிக்கும்.”

“எங்க மண்ணுலயா?” என்றார். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது அவர் முகம். தலைமுறை தலைமுறையாக அவர் குடும்பம் உழுத மண் அது.

வெளியே போய் அவர் போன் பேசியது திறந்த கதவு வழியே எனக்குக் கேட்டது. “எங்கிட்டோ கெடந்த நோய டப்பாவுல போட்டு என் வீட்டுக்குக் கொண்டாந்துட்டீகளே மச்சான்.” அதன்பின் நான் மருத்துவமனையில் இருந்த நாளெல்லாம் அண்ணன் வரவே இல்லை.

வாரக்கணக்கில் நரம்பு ஊசி. பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. ஆனால் காய்ச்சல் விட்டது.

வீடு திரும்பியபோது ஜன்னல் வெறுமையாக இருந்தது. அப்பா தொட்டியைக் கருவேலங்காட்டுக்குக் கொண்டுபோய் உடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார் என்றாள் மகள். கொளுத்திவிட்டு வெறுங்காலோடு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனாராம்.

தனி டம்ளரைக்கூட என்னால் மன்னிக்க முடிந்தது. இதை முடியவில்லை.

அண்ணனுக்கு நானே போன் செய்தேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் கொண்டாராம இருந்திருந்தா நீ அந்த மண்ண அள்ளிருக்க மாட்டேல்ல தாயி?” என்றார். இல்லை, அள்ளியிருப்பேன் என்று எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பேசிக்கொள்கிறோம். செடியைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

இதே நோயோடு, அல்லது பெயர் தெரியாத காய்ச்சலோடு படுத்துக்கொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை இருந்து, மழைக்குப் பின் வந்த காய்ச்சல் விடாமல், சளியிலும் எதுவும் அகப்படாவிட்டால், கல்ச்சர் செய்தீர்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மண்ணில் வேலை பார்த்ததையும் சொல்லுங்கள். கல்ச்சர் முடிவு வரும்வரை என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கும் தெரியவில்லை.

‘குணமாகிவிட்டது’ என்ற சொல்லை டாக்டரம்மா இன்றுவரை சொன்னதில்லை. இந்தக் கிருமி உடம்புக்குள் பதுங்கியிருந்து வருஷங்கள் கழித்துத் திரும்பவும் கூடும் என்றார். அதனால் எனக்கு இப்போது ஒரு வருஷம் என்பது வேறு கணக்கு. ஊர் சபிக்கிற வறண்ட மாதங்களில்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன். மழைக்கு இருட்டினால், விலாவில் சீழ் எடுத்த தழும்பு இருக்கும் இடத்தில் கை தானாகப் போய் நிற்கிறது.

இந்த வருஷம் முதல் மழைக்கு ஊரே வாசலில் நின்றது. என் கணவர் வரப்பில் நனைந்தபடி நின்றார். நான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, காலைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்து உட்கார்ந்தேன். கதவிடுக்கு வழியாக மண் வாசனை உள்ளே வந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.