கிணற்றுக்குள் இறங்கிய மேளங்கள்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கடைசி மகன் தகர டிரம், டிராக்டர் கலப்பைத் தட்டு, அண்டா எல்லாவற்றையும் கம்பியில் தொங்கவிட்டுக் கச்சேரிகளில் அடிக்கிறான். ரெக்கார்டிங்குக்கு எதிரொலி வேண்டுமாம். ஆனையூர் வீட்டுக்குப் பின்னால் பல வருடம் மூடிக்கிடந்த வறண்ட கிணற்றைத் திறந்து, அத்தனையையும் உள்ளே இறக்கினான். பிறகு தானும் ஏணியில் கால் வைத்தான்.

"இருடா, மொதல்ல வெளக்கு எறங்கட்டும்."

"இதுக்கும் பூசையா ஆத்தா?"

அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விட்டேன். பாதி ஆழத்தில் சுடர் சுருங்கி அணைந்தது. மூச்சுவிடக் காற்றில்லாத கிணறு இப்படித்தான் விளக்கைத் தின்னும்.

"எண்ணெ தீந்திருக்கும். நாளைக்கு எறங்குறேன்" என்று சிரித்துக்கொண்டே போனான். காலையில்தான் நான் எண்ணெய் ஊற்றியிருந்தேன்.

பேத்தி, நாளைக்கு உன் அப்பன் ஏணியில் கால் வைக்குமுன், அவன் காதில் விழும்படி இதைச் சத்தமாக வாசி தாயி.