ராசம்மா சொன்ன பெயர்

அந்த மலையாளப் பட இயக்குநர் ஒரு பெண்ணின் அழுகையைத் திருடியிருக்கிறார்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் கடையில் பால் விடாத பிளேன்டீ குடிக்கிறேன். நான் பாலக்காட்டில் வளர்ந்தவன் என்று தெரிந்ததும், பக்கத்தில் இருக்கும் கொழுந்து பறிக்கும் ராசம்மா ஃபோனை நீட்டுகிறார். அவர் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த, விருதுக்குப் போயிருக்கும் மலையாளப் படம். அதில் சாவு வீட்டில் மாரடித்து அழுகிறார் ராசம்மா. குரல் மட்டும் வேறு யாருடையதோ, மலையாளத்தில்.

"ஒங்க வீட்ல செத்தவங்கள நெனச்சு அழுங்கன்னாங்க படக்காரங்க. அங்க வெறுங்கட்டில்தான் கெடந்துச்சு. நான் எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லி அழுதேன். உசுரோட இருந்தப்ப அவரு பேர ஒருநாளும் சொன்னதில்லங்க. அந்தப் பேரு இதுல வருதா?"

மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.

"வரலம்மா. முதலாளி, எங்கள அனாதையாக்கிட்டீங்களேன்னு வருது."

கடைக்காரர் சிரிக்கிறார். "தோட்டத்து தொர மேல அவ்வளவு பாசமா அக்கா?"

"வாய மூடுங்க நானா!" என்று அந்த அண்ணனை அதட்டுகிறார்.

ராசம்மா திரையை வெகுநேரம் பார்க்கிறார். "ஆனா நல்லாத்தான் அழுதிருக்கேன், இல்லீங்களா?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா? மலையாளப் படத்தில் உழைப்பாளியின் முகம் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இந்த முகமும் பொய் சொல்லவில்லை.

இயக்குநரே, புருஷன் பெயரை எடுத்துவிட்டு முதலாளியை அவர் வாயில் வைத்தது யார்? விருது மேடையில், மைக்கில், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.