சரிகைக் கரைக்கு அடியில் போன தெரு

கருத்தரங்கு நடத்துகிறவர்கள் போஸ்டர் அமர்வைக் கழிவறைக்குப் போகும் வழியில்தான் வைப்பார்கள். மேடை கிடைக்காத மாணவர்களை நிற்கவைக்க அவர்களுக்குத் தோன்றும் இடம் அதுதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில், நானும் அப்படி நின்றேன். ஆய்வு போஸ்டரோடு வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் ஆய்வு சின்னது. காஞ்சிக்கு மேற்கே ஓர் ஏரிக்கரைக் கிராமம், பெயர் வேண்டாம். குடிநீர்க் குழாய் ஊர்த்தெரு எல்லாவற்றுக்கும் போகிறது. காலனிக்கு நானூறு மீட்டர் முன்னால் நின்றுவிடுகிறது. அதை அளந்தபோது நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் காலனியில் இருக்கும் செல்வி அக்கா. கட்டட வேலைக்குப் போகிறவர். போஸ்டரில் அவர் தெரு இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வேலையை ஒருநாள் விட்டுவிட்டுப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

தாம்பரத்தில் காலை 5.40க்கு வாலாஜாபாத் வழிப் பேருந்து. சுமார் அறுபது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய். 7.35க்கு இறங்கினேன். பேருந்தில் போஸ்டரைச் சுருட்டிக் கொண்டுவந்தால் நசுங்கும் என்பதால், காஞ்சியிலேயே ஒரு பிளெக்ஸ் கடைக்கு முந்தின நாள் கோப்பை அனுப்பியிருந்தேன். மூன்றுக்கு நாலடி, சதுர அடி இருபது ரூபாய், மொத்தம் 240. இட்லி சாப்பிட்டுவிட்டு 8.30க்குக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தினேஷுக்கு என் வயதுதான் இருக்கும். விரித்துக் காட்டினார். என் போஸ்டரைச் சுற்றி நாலு பக்கமும், நாலு அங்குல அகலத்துக்கு, பட்டுப்புடவையில் வருகிற மாதிரி சிவப்பில் பொன்னிறக் கோபுரக் கரை!

“இது இன்னாங்க?”

“பார்டர்தான் அக்கா. மொட்டையா இருந்துச்சு. நம்மூர்ல கரை இல்லாம கல்யாண பேனர் எவனும் வாங்க மாட்டான்.”

“இது கல்யாணமா? தண்ணி வராததப் பத்தி!”

“துக்க பேனருக்கே போடுறேன், போங்க. ஒரு எழுத்துகூட மறையலக்கா. ஓரத்துல ஏதோ நாலு பொட்டிதான் உள்ள போச்சு.”

அந்த நாலு பெட்டிதான் காலனி. வரைபடத்தில் குழாய் இருந்தது, கோயில் இருந்தது, ஏரி இருந்தது. செல்வி அக்காவின் தெரு சரிகைக்கு அடியில் போய்விட்டது. பதினொரு மணிக்கு அமர்வு. நான் கத்தினேன். தினேஷ் அசரவில்லை.

“ஓரத்துல வெச்சது யாரு? நானா? நடுவுல இருந்தா கரை எப்படிக்கா மூடும்?”

“அந்த ஊர்ல அது ஓரத்துலதான் இருக்குது.”

“ஊரு எப்படினா இருக்கட்டும். பேப்பரு உங்களுதுதானே?”

மாதக்கணக்கில் அந்தப் படத்தை வரைந்தவள் நான். ஊர்த்தெருவை நடுவில் வைத்து ஆரம்பித்ததும் நான்தான். யாரும் சொல்லவில்லை, அப்படித்தான் கை போனது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். காலனியை நடுவுக்குக் கொண்டுவந்தோம். கோயிலும் ஏரியில் பாதியும் தாளுக்கு வெளியே போயின. “இத்தினி எழுத்த எவன் நின்னு படிப்பான்?” என்று கேட்டுக்கொண்டே தினேஷ் முன்னுரையின் மூன்று பத்திகளைத் தூக்கினார், நான் தடுக்கவில்லை. குழாய் நிற்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அங்கிருந்து காலனி வரை வெறும் புள்ளிக்கோடு, மேலே கொட்டை எழுத்தில் ‘நானூறு மீட்டர்’. கரை இல்லாத இரண்டாவது அச்சு 9.50க்கு வந்தது. காசு வேண்டாம் என்றார். கல்லூரி இருக்கும் செவிலிமேட்டுப் பக்கம் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். 10.30க்குப் பலகையில் ஒட்டியபோதுதான் மூச்சு சீராக வந்தது.

நடுவராக வந்த பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “என்னம்மா, பாதி ஊரையே காணோமே?”

“காலனி இல்லாத மேப்பப் பாத்து எப்பவாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா சார்?”

அவர் சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

செல்வி அக்கா 11.20க்கு வந்தார். எதுவும் விளக்கத் தேவைப்படவில்லை. விரலைப் புள்ளிக்கோட்டில் வைத்து நகர்த்திக்கொண்டே போய் ஒரு பெட்டியில் நிறுத்தினார். “இதோ எங்க வூடு. இன்னாம்மா, வாசல தெக்கால வெச்சுட்டே? பரவால்ல வுடு.” அந்த ‘பரவால்ல’வைக் கேட்டதும் காலையிலிருந்து தோளில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. கூடத்தில் சாம்பார் சாதம் போட்டார்கள். இருவரும் இரண்டு தட்டு சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு: பலகை நீளவாக்கா அகலவாக்கா என்று முன்பே கேளுங்கள். இருபக்க ஒட்டுநாடா கையில் இருக்கட்டும். அச்சுக்கடைக்கு ‘எதையும் சேர்க்காதீர்கள்’ என்று எழுதியே அனுப்புங்கள். இடைவேளையில் கோயில் பார்க்கலாம் என்று போகாதீர்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். முக்கியமாக, யாரைப் பற்றிய ஆய்வோ அவரை ஒரு முறையாவது போஸ்டருக்கு முன்னால் நிறுத்துங்கள்.

நாலு மணிக்கு நிறைவு விழா. சிறப்பு விருந்தினர், குடிநீர்த் திட்டங்களைப் பார்க்கும் அதிகாரி. என் போஸ்டரை மேடையிலேயே பாராட்டினார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் எழுவதற்குள் செல்வி அக்கா எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

“அந்தப் படத்துல நடுவுல இருக்கறது எங்க தெருதான் சார். பைப்பு எந்த மாசம் போடுவீங்க?”

“நல்ல கேள்வி. பரிசீலனையில இருக்கும்மா.”

“அது இல்ல சார். மாசத்த சொல்லுங்க.”

அதிகாரி அமைப்பாளரைப் பார்த்தார். அமைப்பாளர் நன்றியுரைத் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். செல்வி அக்கா உட்காரவில்லை.

“மாசத்த சொல்லுங்க சார்.”