'இல்லை' என்று நிரப்பிய கட்டம்

மரியபாக்கியத்தின் விசா விண்ணப்பம் நின்றுபோனது, பிழை என்னுடையது.

கண்டியில் இந்திய விசாவுக்குப் படிவம் நிரப்புவது என் தொழில். இரண்டு நாடுகள் நட்பென்றால் படிவம் குறையும் என்று நினைப்பவர்கள் வரிசையில் நின்றதில்லை. நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதுமில்லை.

கேட்காத கேள்வி

மரியபாக்கியம் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துப் பெண்மணி. அவருடைய அக்கா தமிழ்நாட்டில், கூடலூரில் படுத்த படுக்கை. இந்திய, இலங்கை அரசாங்கங்கள் தோட்டத்துத் தமிழரைப் பங்கு பிரித்த காலத்தில் அக்கா இந்தியாவுக்குக் கப்பலேறினார். தங்கையின் முறை வருவதற்குள் கப்பல் நின்றது. பிறகு இலங்கையே அவரைப் பிரஜையாக்கியது. 'முன்பு இந்தியக் கடவுச்சீட்டு இருந்ததா?' என்ற கட்டத்தில், அவரைக் கேட்காமலே 'இல்லை' போட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் போடுவேன். கையெழுத்து வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா உசுரோட இருக்கறப்பவே போயிரலாமுங்களா ஐயா?"

கண்ணாடிக்குப் பின்னால்

பத்து நாளில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். கவுண்டரில் சின்ன வயதுப் பெண், சென்னைப் பேச்சு. பழைய கடவுச்சீட்டுப் பதிவைத் திருப்பிக் காட்டினாள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், எல்லாம் சரி.

"ஏம்மா, எங்க பாஸ்போர்ட்ட வாங்கிட்டு இல்லன்னு எழுதினா எப்படி? பழச கொண்டாங்க, ரத்து பண்ணிட்டு விசா தர்றோம்."

படத்துக்குள்

என் மேசைக்குத் திரும்பியதும், அது தொலைந்துவிட்டதென்று மரியபாக்கியம் சாதித்தார். நான் சத்தம் போட்டேன். அவர் வாய் இன்னும் இறுகியது. பக்கத்து மேசையில் போட்டோக்கொப்பி எடுக்கும் பஸீனா, வத்தேகமக்காரி, என்னைப் போய்த் தேநீர் குடிக்கச் சொன்னாள். திரும்பி வந்தபோது விஷயம் வெளியே வந்திருந்தது. கப்பலுக்குக் காத்திருந்த காலத்தில் கொடுத்த கடவுச்சீட்டு, வீட்டு அந்தோனியார் படத்தின் பின்பலகைக்குள் இருக்கிறது. வெளியே எடுத்தால் இந்தியக்காரி என்று பிடித்துக் கப்பலேற்றுவார்கள் என்ற பயம். பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. பஸீனா சிரிக்கவில்லை.

"அக்கா, ஒங்கள ஏத்துற கப்பல் போய் முடிஞ்சி. இப்ப நீங்க கெஞ்சினாத்தான் அவங்க எடுப்பாங்க."

கூடலூர் போன்

மறுநாள் கடவுச்சீட்டு வந்தது, அட்டையில் பல்லி முட்டையோடு. புதுப் படிவத்தைப் பஸீனா ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். நான் பேனை கொடுத்தேன், அவ்வளவுதான். விசா கிடைத்தது. போன வாரம் மரியபாக்கியம் கூடலூரிலிருந்து பேசினார்.

"அக்கா என்னய அடையாளங் கண்டுருச்சு ஐயா. 'இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுச்சாடி'ன்னு ஏசுது."

இரண்டு அரசாங்கங்களும், அவற்றுக்குத் துணையாக நானும், சிக்கலாக்கி வைத்ததைச் சீராக்கியது பஸீனா.